கேமராவின் சாவி யாரிடம்?

(நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம் தெருக்களில் வாசலில் கேமரா இல்லாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. பிள்ளைகள் துபாயிலும் ரியாதிலும் இருக்கிறார்கள். வாப்பாவும் உம்மாவும் தனியாக இருக்கும் வீட்டை அங்கிருந்தே கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல வசதிதான், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ரியாதில் இருக்கும் மகன் பார்க்க ஒரு வழி திறந்திருக்கிறது அல்லவா, அந்த வழியில் வேறு யாரும் வரலாமா என்று நாம் கேட்பதே இல்லை.

2016ஆம் ஆண்டில் மிராய் என்ற தீய மென்பொருள் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அதில் பெரிய மாயமில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வைத்திருக்கும் 'அட்மின்', '12345' போன்ற சுமார் 60 பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இப்படிப் பிடிபட்ட கருவிகளை ஏவி டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பலருக்குப் பல மணி நேரம் திறக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரர்களுக்கோ ஒன்றும் தெரியாது, படம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்துவிடும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், யாரும் ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டுடன் இத்தகைய கருவிகளை விற்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது.

நம் ஊர்களில் இன்னொரு சங்கதி உண்டு. கேமரா மாட்ட வந்த தம்பி அவசரத்தில் தன் கைப்பேசி எண்ணிலேயே கணக்கைத் தொடங்கிவிடுவார், பிறகு நமக்குப் பகிர்ந்து கொடுப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் வீட்டின் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் கணக்கிலிருந்து கருவியை நீக்கச் சொல்லி, நம் எண்ணில் புதிதாகப் பதிய வேண்டும். பாஸ்வேர்டுடன் ஓடிபியும் கேட்கும்படி வைக்க வசதி இருந்தால் அதையும் வைத்துவிட வேண்டும். சாதாரணமாக இது கால் மணி நேர வேலை. இதைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அடுத்தது ரவுட்டர். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டிருப்போர்தான் அதிகம். இரண்டையும் மாற்றுங்கள். ரவுட்டருக்கும் கேமராவுக்கும் நிறுவனம் அனுப்பும் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பல ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனி வைஃபை உண்டு. கேமரா, ஸ்மார்ட் பல்பு, டி.வி. எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிட்டு, வங்கி வேலை பார்க்கும் கைப்பேசியையும் பிள்ளைகளின் லேப்டாப்பையும் முதல் வைஃபையிலேயே வைத்துக்கொள்ளலாம். மலிவு பல்பு ஒன்று கெட்டவர் கையில் போனாலும், அங்கிருந்து லேப்டாப்புக்குத் தாவுவது கடினமாகிவிடும். ஒரு சிறு தொல்லை, கைப்பேசிப் படத்தை டி.வி.யில் காட்டுவது அப்போது நடக்காமல் போகலாம். அது வேண்டுமென்றால் டி.வி.யை மட்டும் முதல் வைஃபைக்குக் கொண்டுவாருங்கள், கேமராவைக் கொண்டுவர வேண்டாம்.

வீட்டுக்குள் கேமரா வைப்பது பற்றி நம் கருத்தைத் திறந்தே சொல்கிறோம். வாசலுக்கும் மாடிப்படிக்கும் சரி. பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு இருக்கும் ஹாலிலும் அறையிலும் வேண்டாம். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்த பிறகே காலை எடுத்து வைக்கப் பழகியவர்கள் நாம். படுத்திருக்கும் உம்மாவைக் கவனிக்க உள்ளே கேமரா தேவைப்படும் வீடுகளும் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே வீட்டிலுள்ள எல்லோரிடமும் சொல்லிவிட்டு வையுங்கள், தேவையில்லாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்யத் தயங்குவோர் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நம் கல்லூரி மாணவர்கள் இருவர் வீட்டுக்கே வந்து காட்டித் தருவார்கள், கட்டணம் கிடையாது. புதுப் பாஸ்வேர்டை மட்டும் நீங்களே தட்டுங்கள். தட்டும்போது அவர்களையும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.