பசங்களோட கப் கேக்: கரண்டி யார் கையில?

பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சு. காலையில பத்து மணிக்கே "போரடிக்குது"ன்னு குரல் கேட்க ஆரம்பிச்சிருக்கும். இன்னைக்குப் பசங்களோட சேர்ந்து வீட்டுல சின்னச் சின்ன ஸ்பாஞ்ச் கேக் செய்றதைப் பத்திப் பேசலாம். கப் கேக்னு சொல்லுங்க, டீக்கடைக் கண்ணாடி ஜாடியில பேப்பர் சுத்தி வச்சிருக்கிற கேக்னு சொல்லுங்க, அந்த வகைதான். மேல கிரீம், ரோஜாப்பூ, வானவில் எல்லாம் இன்னைக்குக் கிடையாது.

"பசங்களோட சேர்ந்து செஞ்சோம்"னு நாம சொல்றதுக்குப் பல வீடுகள்ல என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. அம்மா அளப்பாங்க, அம்மா கலக்குவாங்க, குழந்தை ஸ்டூல் மேல நின்னு பார்க்கும். கடைசியில மேல ஒரு முந்திரிப் பருப்பு வைக்கிற வேலை குழந்தைக்கு. அதை ஒரு போட்டோ எடுத்துக்குவோம். அந்தக் குழந்தைக்கு நல்லாத் தெரியும், அது தன்னோட கேக் இல்லைன்னு. ரெண்டாவது தடவை கூப்பிட்டா வராது, டிவி பார்க்கப் போயிடும். அதனால நான் வச்சிருக்கிற ஏற்பாடு இதுதான்: நெருப்பு என் வேலை, மத்த எல்லாம் அவங்க வேலை.

இதுக்குத்தான் சின்ன கேக். ஒரு கிலோ கேக் செஞ்சா அது அடுப்புல முக்கால் மணி நேரம் இருக்கும். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரம்ங்கிறது ஒரு யுகம். கப் கேக் பதினஞ்சுலேர்ந்து பதினெட்டு நிமிஷத்துல வெந்துடும். அப்புறம், பெரிய கேக் நடுவுல அமுங்கிப் போச்சுன்னா மொத்தமும் போச்சு. பன்னிரண்டு கப்புல ரெண்டு கோணலாப் போனா பத்து மிச்சம் இருக்கு. எல்லாத்தையும் விட முக்கியம், ஒவ்வொரு கப்பும் ஒருத்தருக்குச் சொந்தம். "இது நான் ஊத்தினது, அது தம்பி ஊத்தினது"ன்னு அடையாளம் வச்சுக்கலாம். வெட்டிப் பங்கு போடுற சண்டையும் இல்லை.

சரி, அளவு. இதுல புத்தகமே தேவையில்லாத ஒரு முறை இருக்கு. முட்டையை நிறுத்துப் பாருங்க. அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா. அவ்வளவுதான். இங்கிலீஷ்காரங்க பவுண்டு கேக்னு சொல்றாங்களே, அந்தப் பேரே நாலு பொருளும் ஒவ்வொரு பவுண்டு போட்டதால வந்ததுதான். விக்டோரியா ராணி பேர்ல இருக்கிற ஸ்பாஞ்ச் கேக்குக்கும் இதே சம அளவுதான், கூட பேக்கிங் பவுடர். நம்ம ஊர்ல நாமக்கல்லேர்ந்து வர்ற முட்டை ஓட்டோட சுமாரா 50, 55 கிராம் இருக்கும். ரெண்டு முட்டை எடுத்தா எல்லாம் ஏறக்குறைய 100 கிராம். அதுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் வெனிலா எசன்ஸ், மாவு கெட்டியா இருந்தா ரெண்டு ஸ்பூன் பால். கடையில வாங்குற மஞ்சள் நிற பட்டர் பெரும்பாலும் உப்புப் போட்டதுதான், அதனால தனியா உப்பு வேண்டாம். பத்துலேர்ந்து பன்னிரண்டு கப் வரும்.

இந்த முறை எனக்குப் பிடிச்சதுக்குக் காரணம், குழந்தை ஒரு எண்ணையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். தராசுல ஒரு பக்கம் முட்டை, இன்னொரு பக்கம் சர்க்கரை, முள் நேரா நிக்கணும். டிஜிட்டல் தராசுன்னா முட்டை என்ன எண் காட்டுதோ அதையே மத்த மூணுக்கும் கொண்டுவரணும். என் அக்கா பையன், அஞ்சு வயசு, ஒவ்வொரு ஸ்பூன் சர்க்கரை போட்டதும் "சித்தி, போதுமா?"ன்னு கேட்பான். நான் பதில் சொல்ல மாட்டேன், தராசைக் காட்டுவேன். நாலஞ்சு தடவைக்கு அப்புறம் என்னைக் கேக்குறதை விட்டுட்டான். அதான் வேணும்.

இப்ப வெண்ணெய். வெளிநாட்டுக் குறிப்புகள்ல "வெண்ணெயை அறை வெப்பத்துக்குக் கொண்டு வாருங்கள்"னு இருக்கும். அவங்க அறை 20 டிகிரி, சென்னையில மே மாசம் நம்ம சமையலறை 35 டிகிரி. அங்க சொல்ற மாதிரி ஒரு மணி நேரம் வெளியில வச்சா நமக்கு நெய்க்கு முந்தின நிலையிலதான் கிடைக்கும். நம்ம ஊருக்கு, ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்துச் சின்னத் துண்டா நறுக்கிப் பத்து நிமிஷம் போதும். விரலால அமுக்கினா குழி விழணும், ஆனா பளபளன்னு எண்ணெய் கசியக் கூடாது. அமுக்கிப் பார்க்கிற வேலை யாருக்குன்னு சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு கவனம்னா, கேக் பஞ்சு மாதிரி வர்றது இங்கதான் தீர்மானம் ஆகுது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் பொடி வெண்ணெய்க்குள்ள ஓட்டை போட்டுக் காத்தை உள்ளே இழுத்துட்டுப் போகுது. கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள். பின்னாடி போடுற பேக்கிங் பவுடர் புதுசாக் குமிழ் உண்டாக்குறதை விட, ஏற்கெனவே இருக்கிற குமிழைத்தான் ஊதிப் பெருசாக்குது. வெண்ணெய் உருகிப் போயிருந்தா காத்து தங்க இடமே இல்லை. பசங்களுக்கு இதை இட்லி வச்சுச் சொன்னா உடனே புரியும். இட்லி மாவு ராத்திரி முழுக்கப் பொங்குது இல்லையா, அங்க கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் காத்தை விடுது, ஆவியில வெந்ததும் அந்த ஓட்டைகள் அப்படியே நின்னுடுது. கேக்குலயும் அதேதான், ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறதுக்குப் பதிலா ஒரு பொடி அந்த வேலையைச் செய்யுது. அந்தப் பொடிக்கு ஒரு கதையும் இருக்கு. இங்கிலாந்துல பர்மிங்காம்ல ஆல்ஃபிரட் பேர்ட்னு ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்காது. அவங்க ரொட்டி சாப்பிடணும்னுதான் 1843ல பேக்கிங் பவுடர் கண்டுபிடிச்சார். வீட்டம்மாவுக்காகக் கண்டுபிடிச்சதுன்னு சொன்னா பசங்க ரொம்ப ரசிக்கிறாங்க.

வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கிறதுதான் இந்த வேலையிலேயே சோதனையான கட்டம். குழந்தைக்கு இல்லை, நமக்கு. நாம அடிச்சா நாலு நிமிஷம். எட்டு வயசுக் குழந்தை அடிச்சா பத்து நிமிஷம், பாதி பாத்திரத்துக்கு வெளியில. அஞ்சு வயசுன்னா கேக்கவே வேண்டாம். "கொடு, நான் ஒரு தடவை சரி பண்ணித் தரேன்"னு வாயில வந்துடும். தயவுசெஞ்சு கரண்டியைப் பிடுங்காதீங்க. பத்து நிமிஷம் தாமதம் ஆனா கேக்குக்கு ஒண்ணும் ஆகாது. கை வலிச்சா முறை வச்சு அடிக்கட்டும். எங்க வீட்டுல ஒருத்தருக்கு அம்பது சுத்து, எண்ணிக்கிட்டே அடிக்கணும், அப்புறம் அடுத்த ஆள். சர்க்கரையை மிக்ஸியில பொடிச்சு வச்சுட்டா வேலை பாதி. மஞ்சள் வெண்ணெய் வெளுத்து, ஐஸ்கிரீம் மாதிரி லேசா ஆகணும். ஆரம்பத்துலயே ஒரு துளி வெண்ணெயைத் தட்டு ஓரத்துல எடுத்து வச்சுட்டா, நிறம் மாறினதை அவங்களே ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.

விரலை விட்டு நக்குறதுன்னா இந்த நேரத்துல நக்கிக்கட்டும். வெண்ணெயும் சர்க்கரையும்தானே, ஒண்ணும் பண்ணாது. முட்டை விழுந்ததுக்கு அப்புறம் கூடாது. பச்சை முட்டையில சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பச்சை மைதாவும் அப்படித்தான், அதுலயும் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு, இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை. "நக்காதே"ன்னு மட்டும் சொன்னா நாம திரும்புற நேரம் பார்த்து நக்குவாங்க. முன்னாடியே ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்துட்டு, "முட்டை வந்தாச்சு, கடை மூடியாச்சு"ன்னு சொல்லிடுவேன். முட்டை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும், அது தனி விதி.

முட்டை உடைக்கிறதை மூணு, நாலு வயசுக்கு மேல தாராளமாக் கொடுக்கலாம். நேரா மாவுப் பாத்திரத்துல வேண்டாம், ஒவ்வொண்ணையும் தனித் தனி டம்ளர்ல உடைக்கட்டும். ஓடு விழுந்தா ஸ்பூனால எடுத்துடலாம், கெட்ட முட்டையா இருந்தாலும் மொத்தமும் வீணாகாது. முட்டை ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில இருந்தா வெண்ணெய் திரிஞ்ச பால் மாதிரி பிரியும். பயப்படாதீங்க, ஒரு ஸ்பூன் மைதா போட்டுக் கலக்கினா சேர்ந்துடும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், அவ்வளவுதான்.

அடுத்து மைதாவும் பேக்கிங் பவுடரும் சேர்த்துச் சலிக்கிறது. சின்னவங்களுக்கு இதை விடப் பிடிச்ச வேலை கிடையாது. கீழே பேப்பர் விரிச்சிடுங்க. மைதா சேர்ந்ததும் சட்டம் மாறுது, இனிமே அடிக்கக் கூடாது. அதிகமாக் கலக்கினா மைதாவுல இருக்கிற குளூட்டன் இழுபட்டு, கேக் பரோட்டா மாதிரி இழுக்கும். பரோட்டாவுக்கு அது நல்லது, இதுக்கு ஆகாது. இவ்வளவு நேரம் "நல்லா அடி, நல்லா அடி"ன்னு சொல்லிட்டு இப்ப "மெதுவா"ன்னா பசங்களுக்குக் குழப்பம். காரணத்தைச் சொல்லிடுங்க: உள்ளே குமிழ் தூங்குது, எழுப்பக் கூடாது. கீழேர்ந்து மேல இருபது தடவை திருப்பினா போதும். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியலைன்னா நிறுத்திடணும்.

பேப்பர் கப்புல பாதிக்குக் கொஞ்சம் மேல ஊத்தணும். நிச்சயம் யாராவது ஒருத்தர் விளிம்பு வரைக்கும் ஊத்துவாங்க. விட்டுடுங்க. அது வழிஞ்சு காளான் மாதிரி வரும். அடுத்த தடவை யாரும் சொல்லாமலே அளவா ஊத்துவாங்க.

இனிமே நம்ம வேலை. ஓடிஜியைப் பத்து நிமிஷம் முன்னாடியே 180 டிகிரியில சூடு பண்ணி, தட்டை நடு அடுக்குல வைக்கணும். ஓடிஜியோட கண்ணாடிக் கதவும் மேல்பக்கமும் வெளியிலேயே கையைச் சுட்டுடும். நான் தரையில கோலமாவால ஒரு கோடு போட்டுடுவேன், அதைத் தாண்டக் கூடாது. லட்சுமணன் கோடுன்னு பேர் வச்சதும் பசங்களே ஒருத்தரை ஒருத்தர் காவல் காக்குறாங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணாடி வழியா கேக் எழும்புறதைப் பார்க்கலாம். பன்னிரண்டு நிமிஷம் வரைக்கும் கதவைத் திறக்காதீங்க. குமிழைச் சுத்தி இருக்கிற சுவர் இன்னும் வேகாத நேரம் அது, சூடு குறைஞ்சா நடுவுல அமுங்கிடும். பல் குத்துற குச்சியால குத்திப் பார்த்து, ஒட்டாம வந்தா வெந்தாச்சு.

ஓடிஜி இல்லாத வீடுதான் அதிகம். குக்கர்ல உப்பு கொட்டிச் செய்ற முறை எல்லாருக்கும் தெரியும், ஆனா தண்ணி இல்லாம குக்கரைச் சூடு பண்றதுல எனக்கு விருப்பம் இல்லை, பசங்க பக்கத்துல இருக்கும்போது சுத்தமா இல்லை. அதுக்குப் பதில் நம்ம பணியாரச் சட்டி இருக்கே! குழிக்குக் கொஞ்சம் நெய் தடவி, முக்கால் குழி மாவு ஊத்தி, மூடி போட்டு, அடுப்பை ரொம்பச் சின்னதா வச்சு நாலஞ்சு நிமிஷம். குச்சியால திருப்பி இன்னும் ரெண்டு நிமிஷம். உருண்டை கேக். இன்னொண்ணு இட்லிப் பானை. சின்னக் கிண்ணத்துல ஊத்தி, மூடிக்குக் கீழ துணி கட்டி, ஆவியில பதினஞ்சு நிமிஷம். மேல சிவக்காது, வாசமும் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனா மென்மையில ஒரு குறையும் இல்லை.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு: ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை கரையிற வரைக்கும் கலக்கி, ஒண்ணேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. தயிர்ப் புளிப்பும் சோடாவும் சேர்ந்து பாத்திரம் நுரைச்சுப் பொங்கும். பசங்க கத்துவாங்க, பக்கத்து வீட்டுக்குச் சொல்லி வச்சிடுங்க. அப்புறம் அரை கப் வாசனை இல்லாத எண்ணெய், ஒன்றரை கப் மைதா. இதுல அடிக்கிற வேலையே இல்லை, ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு இதுவே நல்ல ஆரம்பம்.

அப்புறம் பாத்திரம். கேக் வேகுற பதினஞ்சு நிமிஷத்துல பாத்திரம் கழுவி, மேடை துடைச்சு முடிச்சிடணும். பையன், பொண்ணு ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். கேக் செய்ய அண்ணன், கழுவ தங்கச்சின்னு நடக்கிற வீடுகளும் எனக்குத் தெரியும்.

வெந்ததும் அஞ்சு நிமிஷம் கழிச்சு டிரேயிலேர்ந்து எடுத்துக் கம்பித் தட்டுல ஆற வைங்க. டிரேயிலேயே விட்டா அடியில ஈரம் கோத்துக்கும். நல்லா ஆறினதும் டப்பாவுல போட்டா நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு நாள் தாங்கும். பன்னிரண்டுல எத்தனை ரெண்டாம் நாளைப் பார்க்கும்ங்கிறது வேற விஷயம். அடுத்த பகுதியில, மீந்து போன பிரெட்டை வச்சு அடுப்பே மூட்டாம என்னென்ன செய்யலாம்னு பார்ப்போம்.