சேலத்து மாமூத்தும் கியூபாக்கார ராமா சிங்கும்



ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைக் கடக்காத சேலத்துக்காரர் இருக்க மாட்டார். அந்த ஸ்டுடியோவின் முதலாளி டி.ஆர்.சுந்தரம் என்றால் ‘பாலன்’, ‘மந்திரி குமாரி’, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று அடுக்குவோம். 1952-இல் வந்த ‘தி ஜங்கிள்’ மட்டும் அந்த அடுக்கில் விட்டுப்போகும். விஞ்ஞானக் கற்பனைப் படங்களில் இனமும் நிறமும் என்ன பாடுபட்டன என்று பேச அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. சாட்சி நம்மூரிலேயே இருக்கிறது.

திருச்செங்கோட்டில் பிறந்து இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்த சுந்தரம், அமெரிக்க லிப்பர்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த படம் அது. இயக்கியவர் வில்லியம் பெர்க். தமிழில் ‘காடு’ என்று வந்தது. யானைகள் மிரண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடி ஓர் இளவரசி காட்டுக்குள் போகிறாள். என்றோ அழிந்துவிட்டதாக நாம் நினைத்த மாமூத் மந்தைதான் யானைகளை விரட்டுகிறது! மாமூத்துக்கு எங்கே போவது? சாதாரண யானைகளுக்கே சடைசடையாக மயிர் மாட்டி நடத்திவிட்டார்கள். கணினி வராத காலத்துத் தொழில்நுட்பம் அவ்வளவுதான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஒப்பனை யானையோடு நிற்கவில்லை. இளவரசியாக வந்த மேரி விண்ட்சர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். ராமா சிங்காக வந்த சீசர் ரொமேரோ நியூயார்க்கில் கியூபக் குடும்பத்தில், சுந்தரம் பிறந்த அதே 1907-இல் பிறந்தவர். முந்தைய ஆண்டுதான் லிப்பர்ட்டின் ‘லாஸ்ட் காண்டினென்ட்’ என்ற டைனோசர் படத்தில் அமெரிக்க விமானப்படை மேஜராக வந்திருந்தார். லத்தீன் முகம் எந்த அச்சிலும் வார்க்கத் தோதான மெழுகு என்று ஹாலிவுட் முடிவுகட்டியிருந்தது. வெள்ளைக் கதாநாயகன் ராட் கேமரனுக்கு இப்படி இனம் மாறும் வேலையே இல்லை. எந்தக் காட்டிலும் அவர் வெள்ளையர்தான்.

இதே ஸ்டுடியோவின் ‘திகம்பர சாமியா’ரில் 1950-இல் வேடத்துக்கு வேடம் ஆளே மாறி நின்ற எம்.என்.நம்பியாரும் ‘ஜங்கிளி’ல் உண்டு, சின்ன வேடத்தில். சொந்த மண்ணில் எடுத்த படத்தில் ராமா சிங்காக அவர் நடித்தால் ஆகாதா? அமெரிக்கத் தியேட்டரில் டிக்கெட் விற்க அங்கே தெரிந்த முகம் வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. கணக்குப் பிசகாத முதலாளி சுந்தரத்துக்கு அது புரியாமலா இருந்திருக்கும்? பழியை முழுக்க ஹாலிவுட் தலையில் கட்ட எனக்கு மனமில்லை.

இந்தப் பதிலாள் வழக்கம் ‘ஜங்கிளோ’டு நிற்கவில்லை. 1967-இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரில் கான் நூனியன் சிங் வந்தார். வட இந்தியச் சீக்கியர், விஞ்ஞானத்தால் மேம்படுத்தி உருவாக்கிய மனிதர் என்பது கதை. நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். 1982-இல் அதே பாத்திரம் பெரிய திரைக்கும் போனது. காட்டிலும் சரி, விண்வெளியிலும் சரி, இந்தியனுக்குப் பதில் லத்தீன் நடிகர். 2013-இல் கானாக பெனடிக்ட் கம்பர்பாட்ச் என்ற ஆங்கிலேயர் வந்தபோது, பதிலாள் வேலைகூட லத்தீன் நடிகருக்கு மிஞ்சவில்லை.

லத்தீன் மக்கள் பக்கத்துப் பதிலைக் காண 2008-இல் அலெக்ஸ் ரிவெரா எடுத்த ‘ஸ்லீப் டீலர்’ பாருங்கள். மெக்சிகோத் தொழிலாளி திஹுவானாவில் நின்றபடி உடம்பில் கம்பிகளைச் செருகிக்கொள்கிறான். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் அவன் இயக்கும் எந்திரம் வேலை செய்கிறது. உழைப்பு எல்லை தாண்டலாம், ஆள் தாண்டக் கூடாது. எனக்கு நம் ஸ்டுடியோ நினைவுதான் வந்தது. லைட் தூக்கியவர், செட் அடித்த தச்சர், யானைப்பாகன் எல்லாரும் இந்தப் பக்கத்து ஆட்கள்; திரையில் முன்னால் நின்ற முகங்கள் அந்தப் பக்கத்தவை.

மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்த அவையில் இருக்கக்கூடும். அந்தப் படப்பிடிப்பின் ஒரு ஸ்டில், ஒரு சம்பளச் சீட்டு, ஏன், பாட்டி சொன்ன ஒரு கதை இருந்தாலும் எழுதி இந்தக் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு இங்கே பேச வருபவருக்கு என்னைவிட நல்ல சரக்கு கிடைக்கும்.