அரைப்பங்கு வீட்டில் உள்ளது

(கடலூர், செம்மண்டலத்தில் பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய உரை)



8 அகவை முதல் 11 அகவை வரையுள்ள பிள்ளைகளின் மொழிவளர்ச்சியில் வீட்டின் பங்கு யாது என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

கைக்குழந்தையோடு நாள் முழுதும் பேசுகின்றோம். நிலவைக் காட்டிச் சோறூட்டுகின்றோம். அதே பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், 'இனிப் பள்ளி பார்த்துக்கொள்ளும்' என்று ஓய்ந்துவிடுகின்றோம். அதன்பின் வீட்டில் எழும் வினாக்கள், 'உண்டாயா? எழுதினாயா? எத்தனை மதிப்பெண்?' என்னும் மூன்றே. மூன்றுக்கும் ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். பேச்சு விரியவேண்டிய அகவையில் அது சுருங்கிப் போகின்றது.

எழுத்தைக் கற்பது மூன்றாம் வகுப்போடு பெரிதும் முடிகின்றது. நான்காம் வகுப்பிலிருந்து, கற்ற எழுத்தின் வழியாகவே பிற அறிவெல்லாம் வருகின்றது. 'ஆவியாதல்' என்று பிழையின்றிப் படித்தும், அடுப்பில் கொதிக்கும் உலைநீரை அதனோடு பொருத்திப் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அறிவியல் வெறும் நெட்டுருவாகவே நின்றுவிடும்.

இதற்கு நம் முன்னோர் வழி கண்டிலரா? நன்னூற் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் ஒரு கணக்குக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை முழுதும் உள்ளத்திற் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கால்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் வருவது மற்றொரு கால். கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் வருவதோ எஞ்சிய அரைப்பங்கு!

விரித்துரைக்க வேண்டுமாயின், கேட்கும் செவி ஒன்று வேண்டும். 40 பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொருவரும் விரித்துரைக்க நேரம் ஏது? அச்செவி வீட்டில்தான் உள்ளது. அதற்குப் பட்டம் வேண்டா, எழுத்தறிவுங்கூட வேண்டா. 'பள்ளியில் இன்று என்ன சொன்னார்கள்? எனக்கும் சொல்' என்று தாய் கேட்டு, 'அது ஏன் அப்படி?' என்று ஒருமுறை இடைவினவினால் போதும். அப்பிள்ளை அங்கே ஆசிரியனாகின்றான்.

பண்ருட்டிப் பக்கத்து மாணவன் ஒருவன் ஐந்தாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிப்பான். படித்ததைச் சொல்லென்றால் வாய் திறவான். அவன் தந்தையார் பலாப்பழ வணிகர். 'பழம் முற்றியதை எப்படியப்பா அறிவது?' என்று ஒருநாள் கேட்டேன். தட்டினால் எழும் ஒலி, முள்ளின் விரிவு, மணம் என ஒழுங்குபட அடுக்கினான். மொழி அவனிடம் இருந்தது. அதனை வெளிக்கொணர வினவுவார்தாம் இல்லை.

உங்கள் தொழிலே உங்கள் பிள்ளைக்குச் சொற்களஞ்சியம். மாவின் இளங்காய் வடு, பலாவினது மூசு, தென்னையினது குரும்பை, வாழையினது கச்சல். பாவாணர் எடுத்துக்காட்டிய இச்சொல்வளம் நம் தோப்பிலும் கொல்லையிலும் பிறந்ததன்றோ? உழவரும் மீனவரும் நெசவாளரும் தம் தொழிற்சொற்களைப் பிள்ளைமுன் பேசக் கூசுவானேன்? அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையை அதட்டும் வீட்டில், பிள்ளைக்கு ஆங்கிலமும் வாராது, தமிழும் தங்காது. தாய்மொழியே கல்விக்குச் சிறந்த வாயில் என்று யுனெசுகோ 1953 இலேயே அறிக்கை வெளியிட்டது. தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2006 இல் வந்தது. சட்டம் தமிழைப் பள்ளிக்குள் கொண்டுவரும். அடுக்களைக்குள் கொண்டுவருதல் நம் கையில் உள்ளது.

கொரோனாக் கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் முதல்நாள்தான் திறந்தன. 19 திங்களுக்கு மேல் பள்ளி இல்லை. அவ்விழப்பை ஈடுசெய்யத்தான் 'இல்லம் தேடிக் கல்வி' என அரசே தெருவுக்கு வந்தது. பள்ளி மூடலாம், வீடு மூடலாமா?

செய்யவேண்டுவன சிலவே. இரவுணவின்பின் கால்மணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவையுங்கள். பிள்ளை ஒருபக்கம் வாய்விட்டுப் படிக்கட்டும். படிக்கத் தெரிந்த பெற்றோர் மறுபக்கம் படியுங்கள். ழகரம் பிறழ்ந்தால் இடைமறித்து நாணச் செய்யாதீர்கள். அச்சொல்லை நீங்கள் திருத்தமாக மீண்டும் ஒலித்தால் செவியே நாவைத் திருத்தும். தொல்காப்பியர் 'பிசி' என்று குறித்த விடுகதையைப் பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள்; பிள்ளையும் புதிதாய் ஒன்று புனையட்டும். கடைக்குரிய பொருட்பட்டியலையும் ஊரிலுள்ள அத்தைக்கு மடலையும் அவனே எழுதட்டும். திங்களுக்கொருமுறை நூலகம் அழைத்துச் சென்று, நூலை அவனையே தெரிந்தெடுக்க விடுங்கள்.

பெற்றோர்களே! கால்பங்கை ஆசிரியராகிய யாங்கள் தருகின்றோம். கால்பங்கைத் தோழர் தருவர். அரைப்பங்கு உங்கள் செவியில் இருக்கின்றது. இன்றிரவே பிள்ளையை அருகில் அமர்த்தி, 'சொல், கேட்கின்றேன்' என்று கூறுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் இளையோர்!