முள் நின்ற இடத்தில் நிழல்

(ஆதரவாளர் நாள் கூட்டத்தில், செஞ்சி மருத்துவமனை வளாகத்தில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் புதிய கட்டடத்தைப் பற்றியோ, வாங்கவேண்டிய கருவியைப் பற்றியோ பேசுவோம். இந்த முறை, பெண்கள் வார்டுக்குப் பின்னால் மதிற்சுவரை ஒட்டிக் கிடக்கும் ஒரு மூலையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். உங்களில் பலர் அந்த இடத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள். பார்வையாளர்களை அந்தப் பக்கம் அழைத்துச் செல்லும் வழக்கம் நமக்கு இல்லை.

அந்த மூலை

அங்கே சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கிறது. அதன் அடியில் பார்த்தீனியம். உடைந்த கட்டில்கள், பழைய டயர்கள், இளநீர்க் கூடுகள், கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் குவியல் எல்லாம் அங்கேதான் போய்ச் சேருகின்றன. டயரிலும் இளநீர்க் கூட்டிலும் மழைநீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் கொசு அங்கே முட்டையிடும். காய்ச்சலுக்கு வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டு, சுவருக்குப் பின்னால் கொசுவை வளர்ப்பது நியாயமல்ல. பார்த்தீனியத்தின் மகரந்தம் சிலருக்குத் தோல் அழற்சியையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். செங்கல் குவியலில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்.

இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மனிதர்கள் அந்த மூலைக்குப் போகிறார்கள். நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கு இந்த வளாகத்தில் உட்கார இடம் குறைவு. வராந்தாவில் படுப்பார்கள், படிக்கட்டில் உட்காருவார்கள். மருத்துவர் வெளியே வந்து மெதுவான குரலில் ஒரு செய்தியைச் சொன்னதும், அழுவதற்கு யாரும் பார்க்காத இடம் தேடிப் பின்பக்கம் போவார்கள். ஆயர் ஊழியத்தில் இருக்கும் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆறுதல் சொல்ல நாங்களும் அவர்கள் பின்னே போயிருக்கிறோம். முள்ளுக்கும் குப்பைக்கும் நடுவே நின்றுதான் ஜெபித்திருக்கிறோம்.

இன்னொரு வகை நோயாளிகளையும் நினைத்துப் பாருங்கள். நீண்டநாள் சர்க்கரை நோயினால் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகிறது. சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளே ஏறும். உணர்ச்சியுள்ளவர் ‘ஐயோ’ என்று காலைத் தூக்கிவிடுவார். உணர்ச்சியற்றவரோ முள்ளோடே நடப்பார். சில நாளில் சீழ், பிறகு ஆறாத புண், பிறகு விரலை எடுப்பது, சில வேளை காலையே எடுப்பது. கால் புண்ணுக்குக் கட்டுப்போடும் ஒரு மருத்துவமனையின் வளாகத்திலேயே அந்த முள் வளரலாமா?

ஒரு நியாயமான கேள்வி

இந்த எண்ணத்தை நாங்கள் வெளியிட்டபோது ஆதரவாளர் ஒருவர், “ஏழைகளின் மருந்துக்கென்று கொடுக்கிறோம்; அது பூச்செடிக்குப் போகலாமா?” என்று கேட்டார். மனவருத்தத்தோடு கேட்ட கேள்வி அது, கேட்கவேண்டிய கேள்வியும்கூட. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மருந்துக்கென்று வந்த காணிக்கையில் ஒரு ரூபாய்கூட இதற்கு எடுக்கப்படமாட்டாது. ஆனால் கேள்வியின் ஆழம் கணக்கோடு முடிவதில்லை. தோட்டம் வைப்பது மருத்துவ ஊழியத்தின் வேலையா என்பதே அதன் பொருள். அதற்குப் பதில் வேலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

கரிகிரியில் நடந்தது

வேலூருக்கு அருகே கரிகிரியில், தொழுநோய் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்குமாக 1955-இல் ஷிஃபெலின் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அந்நாளில் தொழுநோயாளிகளுக்கென்று ஊருக்குள் யாரும் இடம் கொடுக்கமாட்டார்கள். கிடைத்தது கப்பிக்கல் நிறைந்த வறண்ட நிலம். மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். இருந்த கொஞ்சம் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும்.

அங்கே பணியாற்றிய டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி எலும்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையில் பேர்பெற்றவர். பிற்காலத்தில் அந்த நிறுவனத்தின் பொறுப்பையும் ஏற்றார். அவர் அந்த நிலத்தையும் ஒரு நோயாளியைப் போலவே பார்த்தார் என்று சொல்லலாம். சரிவுக்குக் குறுக்காக வரப்புகள் போடச் செய்தார். ஓடிய நீர் வரப்பில் நின்று நிலத்துக்குள் இறங்கியது. நாற்றங்கால் வைத்து ஆயிரக்கணக்கில் மரக்கன்றுகளை வளர்த்து நட்டார். இலை உதிர்ந்து மட்கி மண்ணானது. நிலத்தடி நீர் உயர்ந்தது. பறவைகள் வந்தன. பொட்டலாகக் கிடந்த கரிகிரி சோலையானது.

இந்த மாற்றத்தைப் பெருமையோடு எழுதியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் மிஷனெரி குடும்பத்தில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயில் கையும் காலும் அழிவதற்குக் கிருமி மட்டும் காரணமல்ல, வலி தெரியாமல் ஏற்படும் காயங்களே பெரும்பாலும் காரணம் என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர். முள்ளும் ஆணியும் ஏறாத, பாதத்தை உறுத்தாத மென்ரப்பர் செருப்புகள் அவருடைய குழுவினர் வேலூரிலும் கரிகிரியிலும் செய்த பணியின் பலன்.

பிராண்ட் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கிறார். கொல்லிமலையின் படிக்கட்டு வயல்களில் பிள்ளைகள் தவளை பிடித்து விளையாடிச் சேற்றைக் கலக்கினார்கள். வயலைக் காத்துவந்த முதியவர் ஒருவர் அவர்களை அழைத்து, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு வழியும் நீரைக் காட்டினார். தெளிந்த நீர் போனால் பரவாயில்லை; கலங்கிய நீர் போனால் மண் போகிறது, போன மண் மலையேறித் திரும்பாது என்று விளக்கினார். உலகப் புகழ்பெற்ற மருத்துவரான பிறகும் பிராண்ட் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. மண்ணைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் அவருக்கு ஒரே ஊழியமாகத் தெரிந்தது.

முன்னோர் செய்தது

இது புதிய போதனையும் அல்ல. தரங்கம்பாடி மிஷனுக்கு 1768-இல் மருத்துவராக வந்த கோனிக், தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர். 1776-இல் வந்த ராட்லர் ஐயர் ஊழியத்தோடு ஊர் ஊராகச் செடிகளைச் சேகரித்தார். தமிழ் அகராதியும் தொகுத்தார். செராம்பூரில் வில்லியம் கேரி ஐயர் பெரிய தோட்டம் ஒன்றை வளர்த்தார். 1823-இல் தாமோதர் ஆற்று வெள்ளம் அதை அழித்தது. அவருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஆனாலும் மறுபடியும் நட்டார். வேதாகமத்தை மொழிபெயர்த்த அதே கை மண்ணையும் கொத்தியது.

மருத்துவ உலகமும் இதைக் கவனித்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் 1972 முதல் 1981 வரையிலான பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். மரங்களைப் பார்த்தவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். தோட்டம் மருந்துக்கு ஈடாகும் என்று அது சொல்லவில்லை; நாங்களும் சொல்லவில்லை. ஆனால் நம் பெண்கள் வார்டின் ஜன்னலைத் திறந்தால் தெரிவது அந்த முட்புதர்தான் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறோம்.

செஞ்சிக்கு ஏற்ற தோட்டம்

செஞ்சியில் தோட்டம் வைப்பதன் கஷ்டத்தை இங்குள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம்மைச் சுற்றிலும் பாறை. சித்திரை வெயிலில் பகலெல்லாம் காய்ந்த பாறை இரவிலும் அனலை விடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பக்கத்து மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டி, நம் மாவட்டமே வெள்ளத்தில் தவித்தது. ஆனால் கோடை வந்தால் குடத்தோடு அலைகிறோம். பெய்வது ஓடிவிடுவதே காரணம்.

நம் கோட்டையைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகளை இணைத்து மதில் எழுப்பியவர்கள், செட்டிக்குளம், சக்கரக்குளம் போன்ற குளங்களில் மழையைச் சேர்த்தார்கள். சுடுமண் குழாய் வழியே கல்யாண மகாலுக்கு நீர் கொண்டுபோனார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்தக் கோட்டையைப் பார்க்க வெளியூரார் வருகிறார்கள். நாம் அங்கிருந்து கற்கவேண்டியது, மழையை நிறுத்திவைக்கும் அறிவு.

எனவே வேலையை இந்த வரிசையில் செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். முதலில் குப்பையையும் செங்கலையும் அகற்றுவது. அந்த வேலை நடக்கும்போது பாம்பு பிடிக்கத் தெரிந்த இருளர் சமூகத்தார் உடனிருக்கவேண்டும். அவர்களுடைய திறமை சாதாரணமானதல்ல. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. எந்தப் பாம்பையும் அடித்துக் கொல்லாமல் பிடித்துக் காட்டில் விடவேண்டும் என்பது நம் விருப்பம்.

அடுத்தது சீமைக் கருவேலம். மேலே வெட்டினால் கீழே தழைக்கும். மண்ணுக்கடியில் இருக்கும் வேர்க்கழுத்தோடு தோண்டி எடுக்கவேண்டும். பிறகும் முளைக்கும் கன்றுகளை ஓராண்டாவது பிடுங்கவேண்டும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டு, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, வேரோடு பிடுங்கவேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம்.

மூன்றாவது தண்ணீர். வார்டின் மொட்டைமாடி மழைநீரைக் குழாய் வழியே கொண்டுவந்து ஒரு குழியில் இறக்கி, சரிவுக்குக் குறுக்கே கரிகிரியைப் போல் வரப்பு போடுவோம். பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். ஆனால் வார்டு, ஆய்வுக்கூடக் கழிவுநீர் ஒரு சொட்டும் தோட்டத்துக்கு வரக்கூடாது.

அதன் பிறகே செடி. நிழலுக்கு வேம்பு, புங்கம், பூவரசு, நாவல். மணத்துக்கு மகிழம். சமையலறைக்கு முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி. ஓரத்தில் நொச்சி, ஆடாதோடை, துளசி, கற்பூரவல்லி. பூவுக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை. அரளி மட்டும் வேண்டாம் என்று செவிலியர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அரளி விதையை அரைத்துக் குடித்தவர்களை நள்ளிரவில் தூக்கி வருவதைப் பார்த்தவர்கள் அவர்கள். கண்ணுக்கு அழகான செங்காந்தளுக்கும் அதே காரணத்தால் இங்கே இடமில்லை. மனமுடைந்தவர்கள் வந்து உட்காரும் இடத்தில் விஷச்செடி இருக்கலாகாது.

நடுவில் சிமெண்டுத் திண்ணைகள், சக்கர நாற்காலி போகும் சமமான பாதை, குடிநீர்க் குழாய் ஒன்று. வார்டிலிருந்து பார்த்தால் மரம் தெரியவேண்டும். ஆனால் ஒரு திண்ணையாவது யார் கண்ணிலும் படாமல் செடிகளால் மறைந்திருக்கவேண்டும். அது எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பங்கு

வேதாகமத்தில் மனிதனுக்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பது என்று ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் ஆண்டவர் அடக்கம் பண்ணப்பட்ட கல்லறையும் ஒரு தோட்டத்தில் இருந்ததாக யோவான் எழுதுகிறார். அங்கே அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாள், உயிர்த்தெழுந்தவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள். இறந்தவருக்காக அழ வந்தவளுக்கு நம்பிக்கை கிடைத்த இடம் அது. இங்கே அழ வருகிறவர்கள் எந்த மதத்தினரானாலும், அவர்களுக்கு ஒரு நிழலையாவது நாம் வைத்திருக்கவேண்டாமா?

இதற்குப் பெரிய தொகை கேட்கவில்லை. வாலிபர் சங்கங்கள் ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு வாருங்கள். பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் வீட்டில் முளைத்த கறிவேப்பிலைக் கன்றோ, துளசிக் கன்றோ கொண்டுவாருங்கள். இறந்துபோன அன்பானவர்களின் நினைவாக ஒரு மரம் நட விரும்புகிறவர்கள், நடுவதோடு நின்றுவிடாமல், முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கன்று நடுபவர்கள் பலர்; இரண்டாம் ஆண்டு சித்திரையில் அதை நினைப்பவர்கள் சிலரே. தண்ணீர் ஊற்ற ஒருவரை நியமிக்கவே பணம் அதிகம் தேவைப்படும். நிரந்தர வேலையில்லாத, ஆனால் வேலை செய்யக்கூடிய, குணமான நோயாளி ஒருவருக்கே அதைக் கொடுக்கலாம் என்று யோசித்திருக்கிறோம். தடித்த கைப்பிடியுள்ள கருவிகளும் நல்ல செருப்பும் கொடுத்தால், உணர்ச்சி குறைந்த கைகால் உள்ளவரும் பத்திரமாகத் தோட்டவேலை செய்யலாம். கரிகிரியும் வேலூரும் நமக்குக் கற்றுக்கொடுத்தது அது.

ஐப்பசி மழைக்கு முன் குழியும் வரப்பும் முடியவேண்டும். அதற்காக ஜெபியுங்கள். வர இயன்றவர்கள் தங்கள் ஆயரிடம் பெயர் கொடுங்கள். அடுத்த ஆண்டு இந்தக் கூட்டத்துக்கு வரும்போது, உங்களைப் பின்பக்கம் அழைத்துச் சென்று காட்டுவோம். மரங்கள் அதற்குள் நிழல் தரப் போவதில்லை. இடுப்பளவு கன்றுகளாகத்தான் நிற்கும். திண்ணைகள் தயாராக இருக்கும்.

நம்முடைய கைகளின் வேலையைக் கர்த்தர் ஆசீர்வதித்து, இவ்விடத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சமாதானம் அருளுவாராக. ஆமென்.