டாக்டருக்கும் வருஷா வருஷம் பாடம் வேணும்



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீடு, மாடு, குழு இதுதான் என் உலகம். சுகாதாரம் பற்றிப் பேசச் சொன்னாங்க. கை கழுவுறது, சத்தான சாப்பாடு எல்லாம் நாம நிறையப் பேசியாச்சு. அதனால இன்னிக்கு, ஆபத்து நேரத்தில் நம்மை முதலில் பார்க்கிற டாக்டருக்குத் தொடர்ந்து தேவைப்படும் பயிற்சியைப் பற்றிப் பேசப் போறேன். இதில் நமக்கு என்ன வேலைன்னு கேட்காதீங்க. உயிர் நம்முடையது.

நம்ம உத்திரமேரூர் பக்கம் ஏரித் தண்ணியில நெல் விளையுற ஊர். நடவு, களை, புல் அறுக்கிறது எல்லாம் வரப்பில் கால் வச்சுத்தான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலு பாம்பு விஷத்துக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்து செய்யறதுக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறவங்க, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரங்க. 1978ல் ஆரம்பிச்ச சங்கம் அது. 2019ல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும் வரைக்கும் அந்த ஊர் நம்ம காஞ்சிபுரம் மாவட்டம்தான். ஆக, விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் நம்ம பக்கத்தில் கிடைக்குது. அதைத் தைரியமா ஏத்துற கையும் பக்கத்தில் இருக்கணும் இல்லையா?

எங்க வீட்டில் நடந்ததைச் சொல்றேன். என் கொழுந்தனாரைக் கண்ணாடி விரியன் கடிச்சது. முதலில் போன இடத்தில் குளுக்கோஸ் மட்டும் ஏத்தி, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. வழியிலேயே ரெண்டு மணி நேரம் போச்சு. உயிர் பிழைச்சார். ஆனா சிறுநீரகம் பாதிச்சு, பல வாரம் டயாலிசிஸ். வாங்கின கடனை இன்னும் கட்டிக்கிட்டு இருக்கோம்.

அடுத்த வருஷம் எங்க தெரு பெரியம்மா ஒருத்தரையும் பாம்பு கடிச்சது. வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். அந்த டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காம வச்சார். ரத்தம் உறையல. விஷம் ஏறியிருக்குன்னு தெரிஞ்சதும் அங்கேயே மருந்தை ஏத்த ஆரம்பிச்சுட்டு, அப்புறம்தான் 108ல் அனுப்பினார். ஒரு வாரத்தில் பெரியம்மா வீடு திரும்பிட்டாங்க.

பிறகு அவரைப் பார்த்தப்போ கேட்டேன். "எனக்கும் முன்னே பயம்தான்மா. சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்காம மூச்சு அடைக்கும், ரத்த அழுத்தம் விழும். அதைச் சமாளிக்க அட்ரினலின் ஊசியைக் கையில வச்சிக்கிட்டுப் போடணும். காலேஜில் படிச்சு பல வருஷம் ஆச்சு. போன வருஷம் பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் பயம் விட்டது"ன்னார்.

ரெண்டு பேரும் எம்.பி.பி.எஸ். படிச்சவங்கதான். நடுவில் இருந்தது ஒரு பயிற்சி.

கைவேலை எல்லாம் அப்படித்தான். ஆறு மாசம் தையல் மெஷினைத் தொடாம இருந்தா நமக்கே கை தடுமாறுது. நின்ன நெஞ்சை நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை அழுத்தணும், மூச்சுக்குழாயில் டியூப் போடணும். இதையெல்லாம் பொம்மையில் திரும்பத் திரும்பப் பழகாட்டா டாக்டருக்கும் மறக்கும். டாக்டர்களுக்கான 2002ம் வருஷத்து நடத்தை விதி, 5 வருஷத்தில் 30 மணி நேரம் தொடர் கல்வி வேணும்னு சொல்லுது. வருஷத்துக்கு 6 மணி. அதில் அவசர சிகிச்சைக்கு இத்தனை மணின்னு பிரிச்சுச் சொல்லல. வாரம் ஒரு மணி கூட்டம் போடுற நாமே வருஷத்துக்கு 52 மணி உட்கார்றோம்!

அரசாங்கம் ஒண்ணும் செய்யலன்னு சொல்ல மாட்டேன். 108 வண்டி 2008ல் வந்தது. விபத்தில் அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்னு, "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தை 2021 டிசம்பர் 18ல் நம்ம பக்கத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கினாங்க. மாரடைப்புன்னு வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்க 2023ல் "இதயம் காப்போம்" திட்டம் வந்தது. ஆனா மாத்திரை தானா வாயில் போகாது. இது வாய்வுப் பிடிப்பா, மாரடைப்பான்னு ஈ.சி.ஜி. பார்த்துச் சட்டுனு முடிவெடுக்கப் பழகின கண் வேணும்.

நல்ல வைத்தியம் நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருற திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கு. 900 வருஷத்துக்கும் முன்னாடி அங்கே 15 படுக்கையோட ஆதுலசாலை நடந்திருக்கு. வைத்தியர் யார், அறுவை செய்றவர் யார், மருந்து இருப்பு என்ன, யாருக்கு எவ்வளவு நெல் கூலின்னு எல்லாம் கல்லில் வெட்டி ஊரறிய வச்சிருக்காங்க. ஊருக்குத் தெரிஞ்சாத்தான் ஊர் கேட்கும்.

அதனால நாமும் கேட்கலாம். அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் மூணு கேள்வி எழுதிக் கொடுப்போம். நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருப்பு எவ்வளவு? டாக்டரும் நர்ஸும் அவசர சிகிச்சைப் பயிற்சிக்குக் கடைசியா எப்போ போனாங்க? ஊரில் கிளினிக் வச்சிருக்கிற டாக்டரையும் அந்தப் பயிற்சிக்குக் கூப்பிட முடியுமா? சண்டையா வேண்டாம், மரியாதையாக் கேட்போம். டாக்டர் ரெண்டு நாள் பயிற்சிக்குப் போனா, "இன்னிக்கு டாக்டர் இல்லையா"ன்னு முகம் சுளிக்காம, நமக்காகத்தான் போயிருக்கார்னு பொறுத்துக்குவோம். அந்த நாளுக்கு மாற்று டாக்டர் வேணும்னும் சேர்த்தே கேட்போம்.

நம்ம பங்கும் இருக்கு. பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால் உறிஞ்சாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம வச்சு, நடக்க விடாம, நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நாம சீக்கிரம் கொண்டு போய்ச் சேர்க்கணும். அங்கே பழகின கை தயாரா இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் உயிர் நிக்கும்.