மூட்டைக்கு அடியில் எந்தப் பலகை?



நெல் மூட்டையை வெறுந்தரையில் அடுக்கினால் ஈரம் ஏறும்; அடியில் பலகை வேண்டும். கப்பல் சரக்கைத் தாங்கி வந்த மரப் பேலட்டுகள் இன்று பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குமுன் நாம் கவனிக்க வேண்டியது யாது?

2002ஆம் ஆண்டில் ஏற்பட்ட பன்னாட்டு விதிப்படி, பேலட்டின் பக்கவாட்டில் கதிர் பொறித்த முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்றிருந்தால், மரம் உள்நடு வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்பது பொருள். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு செலுத்தப்பட்டது. அதனை உணவுப் பொருளுக்கு விலக்குவோம். முத்திரையே இல்லாததையும் விலக்குவோம்.

ஆயினும், முத்திரை மரத்திலுள்ள பூச்சியை ஒழித்த முறையை மட்டுமே கூறும். அப்பலகை முன்பு எதைச் சுமந்தது என்பதைக் கூறாது. எண்ணெய்க் கறை, மருந்து நெடி, பூஞ்சணம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் ஒதுக்குவோம். கழுவினால் போய்விடும் என்று எண்ணலாகாது; மரம் உறிஞ்சியது மரத்திலேயே தங்கும். நல்ல பலகையின் மீதும் தானியத்தைக் கொட்டாமல் சாக்கிலேயே வைப்போம்.

பலகையில் மிச்சப்படும் சில ரூபாயைவிட, நம் குழந்தைகள் உண்ணும் சோறு பெரிதன்றோ?