கெம்பஸ் போகும் பிள்ளையும் வீட்டுக் கணக்கும்

(பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மாலை போட்டாச்சு, கோயிலில் அர்ச்சனையும் முடிஞ்சாச்சு. ஒரு லயத்திலிருந்து ஒரு பிள்ளை கெம்பஸ் போகிறது என்றால் முழுத் தோட்டத்துக்குமே சந்தோஷந்தான். அந்த நேரத்தில் காசுப் பேச்சை எடுப்பது சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் நாம் இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

"கெம்பஸ் படிப்பு சும்மாதானே" என்று நினைப்பவர்கள் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, அது உண்மை. ஆனால் மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் காசு, போட்டோகொப்பி, போனுக்கு டேட்டா, சவர்க்காரம் எல்லாம் காசுதான். பேராதனைக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு மாதிரி, யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ போகிற பிள்ளைக்கு வேறு மாதிரி. தூரத்துப் பிள்ளை ஒரு தடவை வீட்டுக்கு வந்து போகிற செலவில் பக்கத்துப் பிள்ளை பல தடவை வந்துவிடும்.

நமக்குப் பழக்கமான பேர்க் கணக்கிலேயே பார்ப்போம். பேச்சுக்கு, பிள்ளைக்கு மாதம் 20,000 ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழிந்தால் மிச்சம் 1,242. மற்றக் கழிவுகளைச் சேர்க்காமலே 20,000 ரூபாய்க்குப் பதினாறு பேருக்கு மேல் வேண்டும். மகாபொல கிடைத்தால்? 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 இலிருந்து 7,500 ஆகவும், பர்சரியை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். 7,500 வந்தால் வீடு கொடுக்க வேண்டியது 12,500. அதுவும் பத்துப் பேருக்குக் கொஞ்சம் கூடத்தான். உங்கள் சம்பளச் சீட்டில் இன்றைக்கு என்ன தொகை இருக்கிறதோ அதைப் போட்டு, இதே மாதிரி இன்றிரவே வீட்டில் ஒரு கணக்குப் பாருங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

எங்களுக்குப் பெரிய கவலை முதல் சில மாதங்களைப் பற்றித்தான். மகாபொலவோ பர்சரியோ, பிள்ளை போய் இறங்கிய கையோடு வந்துவிடாது. விண்ணப்பம் பார்த்து, பெயர்ப் பட்டியல் வந்து, வங்கியில் காசு விழும் வரைக்கும் வீட்டுக் காசில்தான் ஓட்ட வேண்டும். மெத்தை, வாளி, நுளம்பு வலை, உடுப்பு என்று ஆரம்பச் செலவும் அப்போதுதான் வருகிறது. அந்த நேரத்தில்தான் தோடு அடகுக்குப் போகிறது. அல்லது அம்மா வாராவாரம் கட்டுகிற குழுக் கடனில் பெயர் கொடுக்கிறார். மகாபொல வந்ததும் அடைச்சிடலாம் என்று ஒரு நம்பிக்கை. வந்த காசு சாப்பாட்டுக்கே சரியாய்ப் போய்விடும், வட்டி மட்டும் வளரும். ஆகையால் பெறுபேறு வந்த நாளிலிருந்தே சேருங்கள். பிள்ளை போவதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. சீட்டுப் பிடிப்பவர்கள், பிள்ளை போகும் மாதத்தில் உங்கள் கை வருகிற மாதிரி இப்போதே பேசி வையுங்கள். மஞ்சள் நீராட்டுக்கு அப்படிச் செய்கிறோம் அல்லவா?

இன்னுமொரு இடம் இருக்கிறது, அதை அநேகமானோர் யோசிப்பதில்லை. முதலாம் வருடத்தில் விடுதி கிடைத்துவிட்டால் செலவு பெரிதாகத் தெரியாது. நடுவில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ விடுதி இல்லாமல் போகலாம். அப்போது வெளியே போர்டிங் பிடிக்க வேண்டும், வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்பார். முதலாம் வருடத்தில் மாதம் ஒரு சிறு தொகையைத் தொடாமல் வைத்த பிள்ளை அன்றைக்குத் தவிக்காது.

இப்போது பிள்ளைகளோடு கொஞ்சம் பேசுவோம். காசு வந்த அன்றைக்கே முழுவதையும் மிஷினில் எடுக்காதீர்கள். வாரத்துக்கு இவ்வளவு என்று எடுங்கள். சின்னக் கொப்பியில் எழுதுங்கள், தேநீர் குடித்த காசையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் பார்த்தால் எது ஓட்டை என்று தெரியும். (அது அநேகமாகப் போனும் கன்டீனுந்தான்!) மூன்று பேர் சேர்ந்து சமைத்தால் ஆளுக்குச் செலவு மிஞ்சும், விடுதியில் சமைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தேயிலைத்தூள் மட்டும் நீங்கள் கடையில் வாங்கத் தேவையில்லை, அது வீட்டிலிருந்தே வரும்.

நண்பர்கள் ட்ரிப் போவார்கள், பிறந்தநாள் கொண்டாடுவார்கள். ஒன்றுக்குப் போங்கள், மற்றதுக்கு "இந்தத் தடவை முடியாதுடா" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தவணைக்குப் புதுப் போன் எடுப்பதைத்தான் நாங்கள் வேண்டாம் என்கிறோம். படிப்புக்குக் கணினி தேவைப்பட்டால் அது வேறு கதை, அதை வீட்டோடு பேசி முடிவெடுங்கள்.

தாய்மாரே, போனில் "காசு இருக்கா?" என்று கேட்டால் பிள்ளை "இருக்குங்கம்மா" என்றுதான் சொல்லும். நீங்கள் மழையில் நனைந்து கொழுந்து எடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. இல்லை என்று சொல்ல அதற்கு வாய் வராது, இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படுக்கும். ஆகையால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "இன்னைக்கு ராத்திரி என்னா சாப்பிட்ட? கையில எவ்வளவு மிச்சம்?" என்று கேளுங்கள். அதே போல வீட்டில் வேலை குறைந்து பேர் விழாத மாதத்தை நீங்களும் மறைக்காதீர்கள். முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளை வாரக் கணக்கைச் சுருக்கிக்கொள்ளும்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. மகாபொல பிள்ளையின் சாப்பாட்டுக் காசு. தீபாவளிக்கும் தம்பியின் சப்பாத்துக்கும் அதில் கேட்காதீர்கள். கேட்டால் பிள்ளை கொடுத்துவிடும், அதுதான் எங்களுக்குப் பயம்.

விண்ணப்பம் நிரப்பாத பிள்ளைகள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். ஒருவருக்கு மகாபொல அல்லது பர்சரி, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். வருமானத்தைக் கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். தோட்ட ஒபீசில் சம்பளக் கடிதம் எடுக்க வேண்டும், கிராம உத்தியோகத்தரையும் பார்க்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் சம்பளச் சீட்டோடு முன்மேசைக்கு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.